புதுப்பிப்பு: மைக்ரோபிட் மண் ஈரமானி இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது

செடித்தொட்டியில் இரண்டு ஆணிகளைச் செருகி, மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையில் ஈரம் அளக்கிறோம், தண்ணீர் ஊற்றினாலும் எண் நாளுக்கு நாள் இறங்குகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தால், 3 வோல்ட் முனையோடு இணைத்தது மட்டும் அரித்துப்போய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. எந்நேரமும் மின்சாரம் பாய்ந்ததில் ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடந்து, நேர்மின் பக்கத்து ஆணி கரைந்திருக்கிறது.

அந்த ஆணியின் ஒயரை, நிரலால் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் முடிகிற பி1 முனைக்கு மாற்றிவிட்டோம்; மற்ற ஆணி பி0 முனையில் இருக்கிறது. மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் தளமான மேக்கோடில் பிளாக்குகளின் (இழுத்து அடுக்கும் கட்டளைத் துண்டுகளின்) வரிசை இதுதான்: பி1-இல் 1 எழுது, 1 மில்லி விநாடி பொறு, பி0-ஐ அனலாகாக (0 அல்லது 1 என்றில்லாமல், கூடிக் குறையும் அளவாக) படி, பி1-இல் 0 எழுது. அப்புறம் 5 விநாடி ஓய்வு. அளக்கும் நொடியில் மட்டும்தான் மின்சாரம். புது ஆணிகளோடு எண் நிலையாக நிற்கிறது.

இந்த வரிசையை என் மகளே இழுத்து அடுக்கினாள். எது முன்னே, எது பின்னே என்பது கண்ணுக்கு நேரே தெரிவதால்தான் பிளாக்குகளை நான் இவ்வளவு விரும்புகிறேன்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: எண் 0 முதல் 1023 வரை வரும். மண் காய்ந்ததா, ஈரமா என்று பிரிக்க நாங்கள் வைத்த எல்லை எண் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மண்ணைக் காயவிட்டு ஒருமுறை, நனைத்து ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.