உதவி: கேமிங் பிசி லிஸ்ட் சரியா இருக்கா? நாளைக்கு வாங்கணும்

இரவுப்பறவை:
வணக்கம். புது பிசி போடுறேன், ஹை எண்ட். நாளைக்குக் காலைல அப்பாவோட ரிச்சி ஸ்ட்ரீட் போறோம். ப்ராசஸர் இன்டெல் ஐ9 14900கே, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5080, ரேம் டிடிஆர்5 16 ஜிபி நாலு, 360 லிக்விட் கூலர், 750 வாட்ஸ் பவர் சப்ளை. கடைல வாட்ஸ்அப்ல அனுப்புன கொட்டேஷன். செட் ஆகுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கொங்கு கேமர்:
பட்ஜெட் எவ்ளோ? மானிட்டர் என்ன? என்ன கேம்? ஒண்ணுமே சொல்லலையே ப்ரோ.

பிக்சல் பாண்டி:
மதர்போர்டு, கேபினட் எங்க? பவர் சப்ளை எந்த மாடல்?

வாட் வாத்தியார்:
வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வந்து நிக்கிறீங்க. சர்ச்னு ஒண்ணு இருக்கு தம்பி, காசு கேக்காது. கூட்டத் தெரியும்ல? 14900கே முழு லோடுல 253 வாட்ஸ், 5080 360 வாட்ஸ். 613 ஆச்சு. ஃபேன், பம்ப் எல்லாம் தனி. 5080-க்கு என்விடியாவே 850 சொல்லுது. 750 எழுதிக் குடுத்தா அப்படியே வாங்கிருவீங்களா?

நிலா_22:
வாட்ஸ் கிடக்கட்டும், முதல்ல அந்த ஐ9-ஐத் தூக்குங்க. 13, 14-வது தலைமுறைல வோல்டேஜ் ஏறி சிப்பே கெடுற பிரச்சினை 2024-ல பெருசா வெடிச்சுது. இன்டெல் மைக்ரோகோட் (ப்ராசஸர் உள்ள ஓடுற சின்ன ப்ரோக்ராம்) அப்டேட் விட்டுச்சு, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டுச்சு. சரி, ஆனா புதுசா வாங்குறவங்க எதுக்கு அதுல போய் விழணும்? அந்த சாக்கெட்டும் (போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) அதோட முடிஞ்சுது. கேமுக்குன்னா ஏஎம்டியோட ரைசன் 7 9800எக்ஸ்3டி. ப்ராசஸருக்குள்ளயே 96 எம்பி எல்3 கேஷ் மெமரி, டிடிபி (வெப்பக் கணக்கு) 120 வாட்ஸ்தான்.

கொங்கு கேமர்:
4கே-ல ஆடுனா ப்ராசஸர் எதுவா இருந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியாது, கார்டுதான் திணறும். அதுக்குத்தான் மானிட்டர் கேட்டேன்.

பிக்சல் பாண்டி:
ஏஎம்5 (அந்த ரைசனோட சாக்கெட்) போனா ரேம் நாலு ஸ்டிக் வேணாம். நாலு போட்டா ஏஎம்டி உறுதி சொல்ற வேகம் 3600 மட்டும்தான். 16 ரெண்டு போதும், வேகம் 6000, தாமதக் கணக்கு சிஎல்30. பயாஸ்ல எக்ஸ்போ (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணுங்க, இல்லன்னா பெரும்பாலும் 4800-லயே கிடக்கும். முதல் தடவை போடுறப்ப மெமரி ட்ரெயினிங் (போர்டு ரேமைச் சோதிச்சு செட் பண்றது) நடக்கும், திரை சில நிமிஷம் கருப்பாவே இருக்கும். பதறிப் போய் சுவிட்ச அணைச்சிராதீங்க.

இரவுப்பறவை:
பட்ஜெட் மூணரை லட்சம். மானிட்டர் வீட்ல இருக்கு, 1080பி 60 ஹெர்ட்ஸ். வேலரண்ட், ஜிடிஏ. யுபிஎஸ்ஸும் இருக்கு, 600 விஏ.

கொங்கு கேமர்:
அறுபதா! கார்டு 300 ஃப்ரேம் தள்ளுனாலும் அந்தத் திரை 60தான் காட்டும். 5070 டிஐ எடுங்க. 5080-ல இருக்கற அதே ஜிபி203 சிப்தான், கொஞ்சம் வெட்டியிருப்பாங்க. அதே 16 ஜிபி, 300 வாட்ஸ். மிச்சக் காசுல 1440பி 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

வாட் வாத்தியார்:
600 விஏ யுபிஎஸ் பொதுவா 360 வாட்ஸுக்கு மேல தாங்காது. மேட்ச் நடுவுல கீன்னு கத்திட்டு அணையும். அப்புறம் "பிசி தானா ஆஃப் ஆகுது"ன்னு இன்னொரு இழை. ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரி சீரான அலை) தர்ற யுபிஎஸ், 1500 விஏ. அதுக்குக் கீழ வேணாம்.

சேலம் சிஸ்டம்ஸ்:
ப்யூர் சைன் எல்லாம் கடைக்காரன் கிளப்பி விட்டது சார். எங்க வீட்ல சாதா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், வருஷக்கணக்கா ஓடுது.

வாட் வாத்தியார்:
உங்க பிசில என்ன கார்டு?

சேலம் சிஸ்டம்ஸ்:
ஜிடிஎக்ஸ் 1650.

வாட் வாத்தியார்:
75 வாட்ஸ் கார்டு. அதை வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம்.

சேலம் சிஸ்டம்ஸ்:
கார்டைச் சொல்லி மட்டம் தட்டாதீங்க. நான் கேட்டது இன்வெர்ட்டரப் பத்தி.

நிலா_22:
வாத்தியார் சொல்ற விதம்தான் சரியில்ல, விஷயம் சரி. இப்ப வர்ற பவர் சப்ளைல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுக்கறதைச் சீராக்குற சர்க்யூட்) இருக்கு. லோடு ஏறியிருக்கறப்ப கரண்ட் போய் ஸ்கொயர் வேவுக்கு மாறுனா சிலது அப்படியே அணைஞ்சிரும். லோடு கம்மின்னா தெரியாது.
பறவை, இன்னொண்ணு: கார்டுக்குப் போற 16 பின் கேபிளை இடைவெளி தெரியாத அளவுக்கு உள்ள அழுத்துங்க. சரியா உக்காரலன்னா சூடேறி உருகும். கனெக்டர் ஒட்டுனாப்ல மடக்கவும் கூடாது.

இரவுப்பறவை:
9800எக்ஸ்3டி, 5070 டிஐ, 850 வாட்ஸ் வாங்கியாச்சு. மானிட்டர் அடுத்த மாசம்னு அப்பா சொல்லிட்டார். எல்லாருக்கும் நன்றி!

பிக்சல் பாண்டி:
யுபிஎஸ்? பவர் சப்ளை மாடல் இன்னும் சொல்லலையே?

கொங்கு கேமர்:
ஆள் போயாச்சு. ஜிடிஏ டவுன்லோடு ஓடிட்டிருக்கும்.