சாணைச் சக்கரத்துக்குத் தண்ணீர் விட நல்ல வழி சொல்லுங்கள்

காங்கயம்_கல்:
வணக்கம். வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சின்னதாகப் பட்டறை போட்டு, மூன்ஸ்டோன் ரத்தினக் கல் இழைக்கிறேன். 6 அங்குல வைரச் சக்கரம் இரண்டு, 80, 220 கிரிட் (சொரசொரப்பின் அளவு, எண் கூடினால் நைசு). மோட்டார் 1440 ஆர்பிஎம். மருந்துக் கடையில் சலைன் செட் வாங்கி, பாட்டிலை மேலே தொங்கவிட்டிருக்கிறேன். சக்கரத்தின் நடுவில் ஒரு கோடுதான் நனைகிறது. ஓரத்தில் கல்லை வைத்தால் வெள்ளையாகப் புழுதி கிளம்புகிறது. நேற்று முக்கால் மணி நேரம் இழைத்த கல், சூடேறி, குச்சியில் ஒட்டிய அரக்கு இளகி, குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. ஒளி அழகாக ஓடிய கல், மனசே ஆறவில்லை. மீன்தொட்டி பம்ப் வாங்கலாமா?

பழைய_சாணை:
தம்பி, பம்ப் வேண்டாம். தண்ணீர் வருவதில் குறை இல்லை, அது சக்கரத்தில் நிற்கவில்லை. உங்கள் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 11 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சொட்டு விழுந்ததும் வீசி எறிந்துவிடும். ஸ்பாஞ்ச் வையுங்கள்.

கார் கழுவும் ஸ்பாஞ்சைச் சக்கரத்தின் அகலத்துக்கு வெட்டி, தகட்டில் கட்டி, சக்கரத்தின் தலையில் பட்டும் படாமல் நிறுத்துங்கள். அழுத்தினால் ஒரே நாளில் தேய்ந்துவிடும். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் 4 மிமீ டியூபும் குட்டி வால்வும் கிடைக்கும். வாளியை 3 அடி உயரத்தில் வைத்து, டியூபின் வாயை வாளியின் அடியிலிருந்து இரண்டு விரல் மேலே நிறுத்தினால் மண்டி இறங்காது. டியூபின் மறுமுனையை ஸ்பாஞ்சுக்குள் செருகுங்கள். கல்லுக்கு முன்னால் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் தெரிய வேண்டும், அதுதான் அளவு.

முக்கியமாக, 80-க்கு ஒன்று, 220-க்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்பாஞ்ச். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கரூர்_பட்டறை:
அண்ணன் சொல்வது சரி. நான் பம்ப் போட்டு அதே தண்ணீரைச் சுற்றவிட்டேன். 80-இன் பொடி 600 சக்கரத்துக்கு வந்து, கீறல் எங்கிருந்து விழுகிறது என்று மூன்று நாள் தேடினேன். அப்புறம் ஒன்று: புழுதியை லேசாக எண்ணாதீர்கள். கச்சாக் கல்லில் குவார்ட்ஸும் ஒட்டி வரும், அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். ஈரமாகவே இழைத்தாலும் என்-95 மாஸ்க் போடுங்கள். மோட்டார் லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம். கழிவு நீரை ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். சேறு குழாயில் இறுகினால் இடித்துத்தான் எடுக்க வேண்டும்.

காங்கயம்_கல்:
ரொம்ப நன்றி அண்ணா, நேற்றே கட்டிவிட்டேன். சக்கரத்தின் சத்தமே மாறிவிட்டது. ஓரத்திலும் கல் குளிர்ச்சியாக இருக்கிறது, பால் மாதிரி குழம்பு வழிகிறது. பழைய சிலிகான் கார்பைட் சக்கரம் ஒன்று கிடக்கிறது, அதற்கும் இதே ஏற்பாடு போதுமா?

பழைய_சாணை:
போதும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். வேலை முடிந்ததும் வால்வை மூடி, ஸ்பாஞ்சைத் தூக்கிவிட்டு, ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் அடிப்பக்கம் இறங்கி, காலையில் போட்டதும் சக்கரம் குதிக்கும், உடையவும் கூடும். முதல் ஒரு நிமிடம் அதன் நேர் எதிரே நிற்காதீர்கள்.