குறுவிளக்கம்: வெட்டுப்படுவது எப்போதும் முக்கியமான சொல்தான்

விக்கிப்பீடியாவில் முழுக் கட்டுரைக்கு வராத வாதம், தலைப்புக்குக் கீழே வரும் குறுவிளக்கம் என்ற ஒற்றை வரிக்கு வந்துவிடுகிறது. வரட்டும், அந்த வரிக்கு அவ்வளவு வேலை இருக்கிறது. தேடலில் "வெள்ளி" என்று தட்டுபவருக்கு வேண்டியது உலோகமா, கோளா, கிழமையா? "அணு எண் 47 கொண்ட தனிமம்", "சூரியனிலிருந்து இரண்டாவது கோள்", "வாரத்தின் ஒரு நாள்" என்று எழுதிவிட்டால் அவர் சரியான பக்கத்துக்குப் போய்விடுவார்.

எனக்கு மறக்க முடியாத வாதம் மேரி கியூரி பக்கத்தில் நடந்தது. "நோபல் பரிசு வென்ற முதல் பெண்" என்பது வந்தே ஆக வேண்டும் என்றார் சக தொகுப்பாளர் ஒருவர். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் பரிசு வாங்கியவரை வெறும் "அறிவியலாளர்" என்பதா என்று கேட்டார். ஆதங்கம் புரிந்தது. அவர் எழுதியிருந்த வரி இது: "போலந்தில் பிறந்து, பிரான்சில் ஆய்வு செய்து, நோபல் பரிசு வென்ற முதல் பெண் இயற்பியலாளர், வேதியியலாளர்."

நான் பதில் எழுதவில்லை. கைபேசியில் தேடி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் போட்டேன். "போலந்தில் பிறந்து, பிரான்சில் ஆய்வு செய்து…" என்பதோடு வரி நின்றிருந்தது. நோபலும் இல்லை, இயற்பியலும் இல்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன். நம் வாக்கியத்தில் அடைமொழியெல்லாம் முன்னால் வரும், யார், எது என்று சொல்லும் பெயர் கடைசியில் வரும். திரை வெட்டும்போது போவது அந்தப் பெயர்தான். ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் சுமார் 40 எழுத்துகள் என்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. "இயற்பியலாளர்" நமக்கு 8 எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனியாக எண்ணும் கணினிக்கு 12. ஆகவே அடைமொழி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கடைசியில் "போலந்து-பிரான்சு இயற்பியலாளர், வேதியியலாளர் (1867–1934)" என்று முடிந்தது. நோபல் செய்தி கட்டுரையின் முதல் பத்தியில் நிறைவாக இருக்கிறது.

"ஆவார்", "ஆகும்" இரண்டையும் தயங்காமல் வெட்டுங்கள். குறுவிளக்கம் வாக்கியமே இல்லை, முற்றுப்புள்ளியும் வேண்டாம். தலைப்பில் உள்ளதைத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம். பட்டியல் கட்டுரைகளில் தலைப்பே எல்லாம் சொல்லிவிடும், அங்கே விளக்கத்தை வெறுமையாக விடலாம்.

இன்னொரு வாதம் "உலகின் மிக உயரமான கட்டடம்" பற்றியது. தைப்பே 101 கட்டடத்துக்கு 2004இல் அது பொருந்தியது. 2010இல் புர்ஜ் கலிஃபா திறந்ததும் பொய்யாகிவிட்டது. கட்டுரையைத் திருத்துகிறவர்கள் இந்த வரியை மறந்துவிடுவார்கள், தாங்கள் கவனிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கண்காணிப்புப் பட்டியலில் எல்லோருக்கும் அது கண்ணில் படாது. "தற்போதைய", "மிகப் பெரிய", "அண்மைய" என்று வந்தாலே நான் மாற்றிவிடுகிறேன். "தைவானில் உள்ள வானளாவி" என்பது பத்து ஆண்டு கழித்தும் உண்மையாகவே இருக்கும்.

விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் எழுதுபவர்களுக்கு ஒன்று. ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் இரண்டுக்கும் "திரைப்படம்" என்று மட்டும் போட அது விடாது, ஒரு மொழியில் பெயரும் விளக்கமும் சேர்ந்து இன்னொன்றோடு ஒத்துப்போகக் கூடாது. ஆண்டைச் சேர்த்தால் போதும். தானியங்கி நிரல்கள் போட்டுவிட்டுப் போன ஒற்றைச் சொல் விளக்கங்களைத் திருத்தும்போது இது அடிக்கடி குறுக்கே வரும்.

கியூரி வாதத்தில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. இரு நாட்டுக்கு உரியவர்களுக்கு நாட்டுப் பெயரே வேண்டாம், தொழிலும் ஆண்டும் போதும் என்கிறார் அதே நண்பர். வரி சுருங்கும், சண்டையும் குறையும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு இயற்பியலாளர்கள் இருந்தால் நாடுதானே பிரித்துக் காட்டும்? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?