செங்காந்தள் கிழங்கு தொட்டியில் முளைக்கவில்லை – என்ன காரணம்?

மாடிக்கொடி:
ஜூன் கடைசியில் நட்ட செங்காந்தள், ஆகஸ்ட் பாதி ஆகியும் தலைகாட்டவில்லை. 10 அங்குலத் தொட்டி, தோட்ட மண்ணும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி, தினமும் தண்ணீர். தோண்டிப் பார்த்ததில் ஒரு கிழங்கு கெட்டியாக இருக்கிறது, இன்னொன்றின் ஒரு முனை கொழகொழத்துவிட்டது. கிளுவை வேலியில் கேட்பாரற்றுப் பூக்கிற செடிக்கு மாடியில் என்ன குறை? இந்த வருஷம் பூ பார்க்க முடியுமா? விதை போடுவது எளிதா?

செம்மண்காடு:
முதலில் கெட்டிக் கிழங்கின் நுனிகளைப் பாருங்கள். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் இருக்காது. கிழங்கு கவட்டையாகப் பிரியும்; ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான் முளைக்கண். மூட்டையில் போட்டுக் குலுக்கும்போது அந்த நுனி ஒடிந்துவிட்டால், கிழங்கு நன்றாகவே இருக்கும், ஆனால் முளைக்காது. கண் உயிரோடு இருந்தால் இப்போது நட்டாலும் மழைக்காலத்தில் பூ பார்க்கலாம்.

அழுகியதை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எறியுங்கள். மறு கிளையில் கண் இருந்தால் அது ஒன்றே போதும். லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள்.

கெடுத்தது நார்த்தூளும் தினசரித் தண்ணீரும்தான். வேலியோரத்தில் சரளை கலந்த செம்மண். பெய்த மழை நிற்காமல் இறங்கிவிடும். செம்மண் 2 பங்கு, மணல் 1, நன்றாக மட்கிய எரு 1. தொட்டி 12 அங்குல ஆழமாவது வேண்டும். கிழங்கைப் படுக்கவைத்து 5–6 செ.மீ. மண் மூடுங்கள். முளை வரும்வரை, விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

வேலித்தும்பி:
கொம்பு விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். காந்தளுக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது, இலை நுனிதான் சுருண்டு பிடிக்கும். தடித்த மூங்கிலை அதனால் சுற்ற முடியாது. பென்சிலைவிட மெல்லிய குச்சிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். கிளுவை, காரை போன்ற முட்புதர்களில் அது செழிப்பதற்கு இதுவும் காரணம்: அடியில் நிழல், மேலே வெயில், நடுவே பிடிக்க மெல்லிய சுள்ளி.

விதை வேண்டாம். முளைக்கவே மாதக்கணக்காகும், பூக்க மூன்று நான்கு வருஷம். உங்கள் செடியில் காய் வேண்டுமானால் காலையில் தூரிகையால் மகரந்தத்தைச் சூல்முடியில் (சூல்தண்டின் நுனியில்) தடவுங்கள், இயன்றால் வேறு செடியின் மகரந்தம். சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி மகரந்தம் தாங்கும் ஆறு கேசரங்களையும் விட்டு விலகி நிற்கும். தானாகப் படுவது குறைவு. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுபவர்களும் கையால்தான் செய்கிறார்கள்.

காட்டுமல்லி:
இரண்டு விடுபட்டுவிட்டன. காய் முற்றியபின் கொடி மஞ்சளாகிக் காயும். செத்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றாதீர்கள். கிழங்கு தூங்குகிற காலம் அது. மே வரை தொட்டியை மழைபடாத நிழலில் காயவிடுங்கள்.

அடுத்தது நஞ்சு. கொல்சிசின் செடி முழுவதும் உண்டு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கையுறை போட்டு நடுங்கள், வெட்டிய கத்தியைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். சர்க்கரைவள்ளி என்று நினைத்துக் குழந்தை கடித்துவிட்டால், வாந்தி பேதி தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். அறிகுறிக்குக் காத்திராமல் மிச்சக் கிழங்கோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வேலியில் இருப்பதைத் தோண்ட வேண்டாம். பயிரிடுபவர்களிடம் நுனி ஒடியாத கிழங்காகக் கேட்டு வாங்குங்கள்.




மாடிக்கொடி:
கெட்டிக் கிழங்கில் ஒரு நுனி ஒடிந்திருக்கிறது, மற்றதில் வெளிர் மொட்டு தெரிகிறது. மண் மாற்றி நடுகிறேன். நன்றி.