புதுப்பிப்பு: காற்றுக் கசிவுக்குச் சிவப்பு அட்டை

பல்லடம், சோமனூர் பக்க ஏர்ஜெட் தறி (காற்றை ஊதி ஊடை நூலைச் செலுத்தும் தறி) ஷெட்டுகளில் காற்று கசியும் இடத்தில் சிவப்பு அட்டை கட்டலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அட்டை மட்டும் போதாதுங்க, விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்.

முதலில் அளவு. தறி நிற்கும் விடுமுறை நாளில், தறிக்குக் காற்று போகும் வால்வுகளைத் திறந்தே வைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்க. லோடில் (காற்றை அழுத்தும்போது) 2 நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா ஓடும்போது) 8 நிமிடம் என்றால் கசிவு 20 சதவீதம். ஐந்தாறு சுற்றின் சராசரி எடுங்க. வேகம் மாறும் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 7 பார் காற்றழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே சுமார் 4 கிலோவாட் தின்னும்.

கசிவது பெரும்பாலும் கப்ளிங் (குழாய் இணைப்பு), ஃபில்டர் கிண்ணம், டிரெயின் வால்வு (தண்ணீர் வெளியேற்றும் வால்வு), பியூ (பாலியூரித்தேன்) குழாய் முனைதான். குழாய் முனைக்கு டெஃப்லான் சுற்றுவது வீண். நேராக வெட்டி மறுபடி செருகுங்க.

அட்டை எங்கே தோற்கிறது? பிட்டருக்கும் தறி மேஸ்திரிக்கும் நடுவில் யார் வேலை என்று தெரியாதபோது. அட்டை எண், தேதி, பொறுப்பாளர், கெடு நாலும் ஒரே நோட்டில் ஏறினால் அந்தச் சண்டை அடங்கும். எந்த உதிரி அடிக்கடி போகிறது என்று ஸ்டோருக்கும் தெரியும்.

ஓட்டையை அடைத்துவிட்டு அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால், மிச்ச ஓட்டைகளில் கசிவு அப்படியேதான் நடக்கும். 0.2 பார் வீதம் இறக்கி, ஊடை நூல் சரியாகப் போகாமல் தறி நிற்பது கூடுகிறதா என்று ஒரு ஷிஃப்ட் பாருங்க. கூடினால் ஒரு படி ஏற்றிடுங்க.