330 வாட் சோலார் பேனல், 30 ஆம்பியர் கண்ட்ரோலர், பேட்டரிக்குப் போவது 9 ஆம்பியர்தான். எதை மாற்றுவது?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. மொட்டை மாடியில் 330 வாட் பேனல் ஒன்று போட்டு, பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர் வழியாக அதே பேட்டரியில் கொடுத்திருக்கிறோம். கண்ட்ரோலர் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் எம்பிபிடி (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) என்று போட்டிருக்கிறது. ஆனால் உச்சி வெயிலில் டிசி கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரிக்கு 9 ஆம்பியர்தான் போகிறது. கடையில் கேட்டால், "இப்ப வெயில் பத்தலைங்க, சித்திரையில ஏறும்" என்கிறார்கள். மாசியிலேயே மாடியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

பேனல் முதுகில் உள்ள ஸ்டிக்கர்: விஎம்பி (முழுத் திறனில் ஓடும்போது வோல்ட்) 37.4 வோல்ட், ஐஎம்பி (அப்போது ஆம்பியர்) 8.83 ஆம்பியர், விஓசி (எதிலும் இணைக்காதபோது வோல்ட்) 46.2 வோல்ட்.

ராத்திரி கரண்ட் போனால் இரண்டு ஃபேன், நாலு எல்இடி, அம்மாவின் நெபுலைசர் ஓட வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு பேனலும் பேட்டரியும் சேர்க்கும் எண்ணம் உண்டு. கண்ட்ரோலரை மாற்றினால் எதை வாங்குவது?

காவேரிப்பட்டணம் ஒயர்மேன்:
தம்பி, வாங்குவது அப்புறம். முதலில் ஒன்று செய்யுங்கள். காலை பதினொரு மணி வாக்கில், பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கும்போது, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையிலேயே கண்ட்ரோலரின் பேனல் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். அப்படியே பேட்டரி முனையிலும் பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
பார்த்தேன் அண்ணா. பேனல் முனையில் 13.6, பேட்டரி முனையில் 13.2. பேனல் ஒயரைக் கழற்றிவிட்டுத் தனியாகப் பார்த்தால் 42 வோல்ட் காட்டுகிறது.

காவேரிப்பட்டணம் ஒயர்மேன்:
பேனல் நன்றாக இருக்கிறது. சூடேறினால் வோல்ட் இறங்கும், அதனால் 46 என்பது 42 ஆகத் தெரிகிறது. உங்கள் கையில் இருப்பது எம்பிபிடி இல்லை, பிடபிள்யூஎம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிடபிள்யூஎம் என்பது பேனலையும் பேட்டரியையும் நேரே சேர்த்துச் சேர்த்து விடும் சுவிட்ச்தான். சேர்ந்த உடனே 37 வோல்ட் பேனல் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கி விடும். ஆம்பியர் மட்டும் அதே 9. பெருக்கிப் பாருங்கள், 120 வாட் கூட வரவில்லை. மீதி பேனலிலேயே நின்று போகிறது. எம்பிபிடி அப்படி இல்லை. பேனலை அதற்குத் தோதான வோல்ட்டிலேயே ஓடவிட்டு, கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். உங்கள் பேனலுக்கு நல்ல வெயிலில் முனையில் 33 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும், பேட்டரிக்கு 18 முதல் 20 ஆம்பியர் போக வேண்டும்.

பிடபிள்யூஎம் மட்டமான பொருள் என்று சொல்லவில்லை. 36 செல் பேனல், அதாவது விஎம்பி 18 வோல்ட் இருப்பது, 12 வோல்ட் பேட்டரிக்கு அதுவே போதும், விலையும் குறைவு. உங்களுடையது போன்ற 72 செல் பேனலோடு 12 வோல்ட் பேட்டரிக்குப் போட்டால்தான் இந்த நஷ்டம்.

தளி ரோடு:
அண்ணன் சொன்னது சரி. சைஸ் பற்றி நான் சொல்கிறேன். ஒரு பேனலுக்கு 330 வாட்டை பேட்டரியின் 12.5 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர், ஆகவே 30 ஆம்பியர் எம்பிபிடி போதும். இரண்டு பேனலை 12 வோல்ட்டிலேயே வைத்தால் 50 ஆம்பியரைத் தாண்டும். 150 ஏஎச் டியூபுலருக்கு 15 முதல் 20 ஆம்பியர்தான் அளவு. அவ்வளவு வேகமாக ஏற்றினால் பேட்டரி கொதித்து, தண்ணீர் வற்றும். இரண்டாவது பேட்டரி வரும்போது 24 வோல்ட்டாக மாற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரும் மாறும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போது 660-ஐ 25-ஆல் வகுத்தால் அதே 26 ஆம்பியர்தான். 12, 24 இரண்டுக்கும் பொருந்தும் 30 அல்லது 40 ஆம்பியர் கண்ட்ரோலரை இப்போதே வாங்கினால் திரும்ப வாங்க வேண்டியதில்லை.

பலர் ஆம்பியரைப் பார்த்துவிட்டு பேனல் வோல்ட் வரம்பைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேனலை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் விஓசி 92.4. அது 25 டிகிரியில் எடுத்த கணக்கு. குளிர்ந்தால் டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம் ஏறும். எங்கள் பக்கம் மார்கழி விடியலில் 12 டிகிரி என்றால் 96 வோல்ட் வந்துவிடும். 100 வோல்ட் வரம்புள்ள கண்ட்ரோலர் அந்த இடத்தில் நூலிழையில் நிற்கும். 150 வோல்ட் வரம்பு உள்ளதாகவே கேளுங்கள்.

அரூர் டீச்சர்:
தம்பி, உங்கள் இன்வெர்ட்டர் பகலிலும் ஈபி கரண்டில் சார்ஜ் ஆகிறதா? எங்கள் வீட்டில் கண்ட்ரோலர் நல்லதாக இருந்தும் சோலார் ஆம்பியர் ஏறவே இல்லை. காலை ஏழு மணிக்கே கரண்டில் பேட்டரி நிறைந்துவிடும், பிறகு சூரியனுக்கு அங்கே வேலை ஏது? பகலில் ஈபி சார்ஜிங்கை நிறுத்தி, பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் திரும்பச் சேர்க்கும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உள்ள கண்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. இருக்கும் இன்வெர்ட்டரோடு சேர்ப்பவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் இரவுக்கு நெபுலைசர் வேண்டும் என்கிறீர்கள், ஆகவே திரும்பச் சேரும் அளவை 12.2 வோல்ட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். அரசு தரும் இலவச யூனிட் போக மிச்சப்படும் பணம் பெரிதாக இராது. கரண்ட் இல்லாத நேரத்துக்கு பேட்டரி நிறைந்திருப்பதே பெரிய பலன்.

பாலக்கோட்டுக்காரன்:
ஆமாம் டீச்சர், அப்படித்தான் சார்ஜ் ஆகிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரர் வித்தியாசத்தைக் கட்டினால் மாற்றித் தருகிறேன் என்கிறார். வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

காவேரிப்பட்டணம் ஒயர்மேன்:
கையில் தூக்கிப் பாருங்கள். நிஜ எம்பிபிடிக்குள் செம்புச் சுருள் இருக்கும், பின்னால் அலுமினிய ஃபின் இருக்கும், கனமாக இருக்கும். பிளாஸ்டிக் டப்பா மாதிரி லேசாக இருந்தால் வேண்டாம். ஆனாலும் மாடியில் மாட்டி 33 வோல்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஒட்டும் வெப்ப சென்சார் இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊர்க் கோடையில் பேட்டரி 40 டிகிரி ஆனால் சார்ஜ் வோல்ட் 14.4 என்பதை 14.1 அளவுக்குக் குறைத்துக்கொள்ளும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கண்ட்ரோலரை பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள், அங்கே 10 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், நடுவில் ஃபியூஸ். மாடியிலிருந்து வருவதற்கு 6 ஸ்கொயர்.

பாலக்கோட்டுக்காரன்:
ரிலே உள்ளதாகவே மாட்டியாகிவிட்டது. பேனல் முனையில் 33.1 வோல்ட், பேட்டரிக்கு 17.6 ஆம்பியர். எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: மதியம் இரண்டு மணிக்கு வெயில் அப்படியே இருக்க, ஆம்பியர் 4-க்கு இறங்கிவிட்டது. பழுதா?

தளி ரோடு:
அந்த நேரத்தில் பேட்டரி வோல்ட் எவ்வளவு? 14.4-ஐ ஒட்டி நின்றால் பழுது இல்லை, பேட்டரி நிறைந்து வருகிறது, கேட்கும் அளவு மட்டுமே கண்ட்ரோலர் கொடுக்கிறது. அந்த நேரத்தில் ஃபேனை இன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள், ஆம்பியர் உடனே ஏறும். 13-லேயே நின்று ஆம்பியர் இறங்கினால் மட்டும் எழுதுங்கள், பேனல் மேல் நிழல் விழுகிறதா என்று பார்க்கலாம்.