கொட்டிலில நிண்ட லாண்ட்மாஸ்டர்

குழு: ஒட்டுசுட்டான் வீட்டார்

வியாழன்

தம்பி, 6:12
கொட்டிலுக்குள்ள நிக்கிற கூபோட்டா லாண்ட்மாஸ்டரை (ரெண்டு சில்லு உழவு மெசின்) இந்தக் காலபோக நெல்லு விதைப்புக்கு இறக்கப் பாக்கிறன். ஆறேழு வருசமா ஸ்டார்ட் பண்ணேல்ல. டீசல் ராங்க் அரைவாசி நிறைஞ்சு கிடக்கு. ஹாண்டில் போட்டுச் சுத்திப் பாக்கட்டோ?

மாங்குளம் மாமா, 6:20
சுத்தாதை மோனை. ஸ்டார்ட் பண்றது கடைசி வேலை. முதல் சைலன்சர் வாயையும் எயார் கிளீனரையும் கழட்டிப் பார். குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி சாக்குத்துண்டு, பஞ்செல்லாம் கொண்டுபோய் அடைஞ்சிருக்கும். அதோட சுத்தினா மண் உள்ள போய் லைனரை, அதுதான் சிலிண்டர் உள்சுவரை, கீறும். டீசல் ராங்க் மூடியில காத்துப் போற சின்ன ஓட்டையையும் ஊசியால குத்திவிடு. அது அடைச்சிருந்தா கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு டீசல் வராமல் நிக்கும். நீ டீசல் பம்பில பிழை எண்டு தேடிக்கொண்டு இருப்பாய்.

விசுவமடு அண்ணை, 6:31
ஒயிலையும் இப்பவே பார். அடி நட்டை மெல்ல இளக்கு. தண்ணி பாரம், இருந்தா அதுதான் முதல் வரும். ரெண்டொரு கரண்டி எண்டா ஈரக்காத்தில சேர்ந்தது, ஒயில் மாத்தினாக் காணும். நிறைய வந்தா, இல்லாட்டி ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தா, லைனர் அடி ரப்பர் ரிங்கோ ஹெட் (சிலிண்டர் மூடி) காஸ்கெற்றோ பழுதாப்போட்டுது. அப்ப ஹெட்டைக் கழட்டத்தான் வேணும்.

தம்பி, 7:48
ஒயில் கறுப்பு, தண்ணி இல்லை. சைலன்சருக்குள்ள பெரிய குளவிக்கூடு, எடுத்திட்டன். அமுக்கத்தை விடுவிக்கிற டீகொம்பிரெஷன் லீவரைப் பிடிச்சுக்கொண்டு பிளைவீலை (எஞ்சின்ர பாரச் சில்லை) கையால உருட்டினா அசையுதே இல்லை.

விசுவமடு அண்ணை, 7:55
பெல்ட் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு உருட்டு. இறுகினது எஞ்சினோ கியர்பெட்டியோ எண்டு அப்பதான் தெரியும்.

தம்பி, 8:20
கழட்டியும் அசையேல்ல.

விசுவமடு அண்ணை, 8:34
அப்ப பிஸ்டன் ரிங் லைனரோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கு. இன்செக்டரை (சிலிண்டருக்குள்ள டீசல் தூவிற சாமான்) கழட்டி, டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி அந்த ஓட்டையால விடு. உது படுக்கைச் சிலிண்டர், அப்படியே விட்டா ஒயில் கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், மேல்பக்க ரிங் ஊறாது. ஹெட் இருக்கிற பக்கத்தை ஒரு அடி உயர்த்தி, கட்டை அடைகுடுத்து, ரெண்டு இரவு விடு. பிறகு பிளைவீலை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டு. ஒரு நூல் அசைஞ்சாலும் வழிக்கு வந்திட்டுது, இன்னும் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்ப ஆட்டு. சுத்தியலால அடிக்கிறது, நாலு சில்லு மெசினில கட்டி இழுக்கிறது வேண்டாம். கொன்ரொட் (பிஸ்டனைப் பிடிக்கிற தண்டு) வளைஞ்சா செலவு எங்கயோ போகும்.

கழட்டின இன்செக்டரைக் கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ பம்ப் வேலை செய்யிற இடத்தில குடுத்து ஸ்பிரே பாக்கச் சொல்லு. பூவாய்த் தூவோணும், சொட்டுச் சொட்டா விழக்கூடாது. திருப்பிப் பூட்டேக்க செப்பு வாசரும் புதுசு போடு.

அக்கா, 9:10
ராங்கில உள்ள டீசலைத் துணியால வடிச்சுப் பாவிக்கேலாதோ? அரை ராங்க் எண்டா சும்மா ஊத்திற சாமானோ?

மாங்குளம் மாமா, 9:22
இல்லைப் பிள்ளை. அடியில தண்ணி நிக்கும், அதுக்கும் டீசலுக்கும் நடுவில கறுப்பா ஒரு வழுவழுப்பு வளர்ந்திருக்கும். துணிக்குத் தண்ணி நிக்காது. பம்புக்குள்ள உள்ள பிளஞ்சர் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்தினது, ஈரமும் துருவும் பட்டா அதோட சரி. சாமான் கழுவ வைச்சிரு. ராங்கைக் கழட்டி, ஒரு லீற்றர் புது டீசலும் ஒரு பிடி பழைய நட்டும் போட்டுக் குலுக்கிக் கழுவு. நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடு. பில்டர் புதுசு.

ஞாயிறு

தம்பி, 16:40
அசையுது! முழுச் சுத்து வருது.

விசுவமடு அண்ணை, 16:52
நல்லது. இன்செக்டர் இல்லாமலே முப்பது நாப்பது தரம் சுத்தி, விட்ட ஒயில் முழுக்க வெளிய வரட்டும். உள்ள தேங்கி நிண்டா ரெண்டு ஆபத்து: ஒயில் அமுங்காது, கொன்ரொட் வளையும். இல்லாட்டி எஞ்சின் அந்த ஒயிலையே எரிச்சுக்கொண்டு பிடிபடாமல் ஓடும்.

அடுத்தது பம்ப் ராக், டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பி. பக்கத்து மூடியைத் திறந்து, அக்சிலேற்றரை ஆட்டி, ராக் லேசாப் போய் வருதோ, நிப்பாட்டிற பக்கத்துக்கு முழுக்கத் திரும்புதோ பார். கன நாள் நிண்ட மெசினில இது பழைய டீசல் பசையில ஒட்டிப்போகும். முழு டீசல் பக்கம் ஒட்டியிருந்தா ஸ்டார்ட் ஆன உடன வேகம் ஏறும், நிப்பாட்டேலாது. டீசல் விட்டு ஊறவைச்சு விரலால நகர்த்து, குறடு போடாதை.

மாங்குளம் மாமா, 17:05
ஸ்டார்ட் பண்ணேக்க பக்கத்தில ஒரு தட்டைப் பலகைத்துண்டு வைச்சுக்கொள். வேகம் எகிறினா எயார் கிளீனரைக் கழட்டி அந்த வாயைப் பலகையால மூடு. கையால மூடாதை.

தம்பி, 17:11
ஒயில் அளவு? தண்ணி?

மாங்குளம் மாமா, 17:24
எஞ்சினுக்கு 40ம் நம்பர் ஒயில், டிப்ஸ்டிக் மேல்கோடு மட்டும். கியர்பெட்டிக்கு 90. எயார் கிளீனர் கிண்ணத்தை டீசலில கழுவி, கோடு வரைக்கும் எஞ்சின் ஒயில் விடு. கூட விட்டா எஞ்சின் அதை உறிஞ்சும். தண்ணிப்பெட்டி அடிக்குழாயைத் திறந்து துரு நிக்கும்வரை கழுவு. எங்கட கிணத்துத் தண்ணி சவர், சுண்ணாம்பு படிஞ்சு எஞ்சின் கொதிக்கும். மழைத்தண்ணி பிடிச்சு விடு.

விசுவமடு அண்ணை, 17:40
டீசல் பாதையில காத்து எடுக்கிற ஒழுங்கு: டீசல் குழாயைத் திற. பில்டர் காத்து ஸ்குரூவை இளக்கி, குமிழி நிண்டாப்பிறகு இறுக்கு. பிறகு பம்ப் ஸ்குரூ. கடைசியா இன்செக்டர் பைப் நட்டை அரைச்சுத்து இளக்கி, டீசல் வரும்வரை சுத்தி இறுக்கு. இதுக்குப் பிறகு சுத்தேக்க ஒவ்வொரு சுத்துக்கும் இன்செக்டரில கிறீச்செண்டு ஒரு சத்தம் கேக்கோணும். கேக்காட்டி ஸ்டார்ட் ஆகாது, கையை நோகப்பண்ணாதை, திரும்பக் காத்தெடு. இன்செக்டர் தூவிற இடத்துக்கு விரலைக் கொண்டு போகாதை. தோலைத் துளைச்சுக்கொண்டு டீசல் உள்ள போகும், சின்னக் காயம் எண்டு தெரிஞ்சாலும் உடன ஆசுப்பத்திரி.

ஸ்டார்ட் பண்ற ஹாண்டிலைப் பிடிக்கேக்க பெருவிரலும் மற்ற விரல்களோட ஒரே பக்கம். திருப்பி அடிச்சா அப்பதான் கை தப்பும்.

திங்கள்

தம்பி, 7:30
ஸ்டார்ட் ஆயிட்டுது! நீலப்புகை தள்ளுது.

விசுவமடு அண்ணை, 7:33
விட்ட ஒயில் எரியுது. பத்து நிமிசத்தில குறையோணும். அரைமணியாகியும் நீலம் எண்டா ரிங். டீசல் மணத்தோட வெள்ளை எண்டா இன்செக்டர் அல்லது கொம்பிரெஷன். கறுப்பு எண்டா எயார் கிளீனர். பத்து மணித்தியாலம் ஓடினாப்பிறகு ஒயிலைத் திரும்ப மாத்து, ஊறின துரு எல்லாம் அதுக்குள்ளதான்.

மாங்குளம் மாமா, 7:50
பெல்ட்டை ஒண்டு ஒண்டா மாத்தாதை, முழுச் செற்றையும் ஒண்டா மாத்து. புதுசும் பழசும் கலந்தா புதுசு மட்டும் பாரம் இழுத்து அறும். ரயரில பக்கவெடிப்புக்குள்ள நூல் தெரிஞ்சா பின்னால இழுக்கிற பெட்டி கொழுவாதை. வயலுக்குள்ள இரும்புச் சில்லுதானே, அதுக்குப் பிரச்சினை இல்லை.

அக்கா, 8:02
சைட் கிளச் (திருப்பேக்க அந்தப் பக்கச் சில்லை விடுவிக்கிறது) ரெண்டையும் பாத்தனியோ? வயலுக்குப் போறதெண்டா குளக்கட்டால இறங்கோணும்.

மாங்குளம் மாமா, 8:10
பிள்ளை சொல்றது சரி. கேபிளுக்கு ஒயில் விட்டு, விட்ட உடன லீவர் தானாத் திரும்புதோ பார். கட்டில இறங்கேக்க எஞ்சின் தடுக்கும், அப்ப இடது கிளச் பிடிச்சா மெசின் வலப்பக்கம் இழுக்கும். இறக்கத்தில கிளச்சைத் தொடாதை. முதல் கியரில, அக்சிலேற்றரைக் குறைச்சு, மெசினைப் பிடிச்சு ஓட்டிற ஹாண்டிலைக் கையால திருப்பி இறக்கு.

தம்பி, 8:14
சரி மாமா. பெல்ட் நம்பர் அழிஞ்சு போச்சு, பழசைக் கையோட கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போறன்.